அஸெய்லா, அட்டாக்கா?

"'அஸெய்ல்'னு போடாதே பட்டு. அழிச்சுடு" என்றார் ராமமூர்த்தி, போனில்.

மறுமுனையில், புசா ரோட்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்த பட்டு பெருமூச்சு விட்டாள். லக்ஷ்மிபாய் நகர் குடியிருப்பு வாட்ஸாப் குழுவுக்கு இரண்டே வரிச் செய்தி. அவர் சொல்ல, அவள் அடிக்க, இது மூன்றாவது டிராஃப்ட். அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர்; சொல்லித்தான் பழக்கம், எழுதிப் பழக்கமில்லை.

"அதுக்கும் தாக்கறதுன்னுதானே அர்த்தம்?"

"மூலம் லத்தீன். மேலே பாயறதுன்னு அர்த்தம். இங்கே பாய்ச்சலே கிடையாது. நிதானமா நடந்து வந்த கேஸ்."

"ஏன்னா, பேசாம கீழ்வீட்டு ஸ்வப்னாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடட்டுமா? ஜல்தி முடியும்."

வாய்வார்த்தை வேண்டாம், எழுத்தில்தான் போகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் ராமமூர்த்தி. மானப் பிரச்சினை. போன வாரம்தான் அதே குழுவில், ஊரே பார்க்க, ரமேஷ்குமாரின் இங்கிலீஷைத் திருத்தியிருந்தார். இன்று ஒரு சொல் சறுக்கினால் அந்த மனுஷன் சும்மா விடுவானா?

சர்வீஸ் முழுக்க ஃபைலில் தான் எழுதவைத்த இங்கிலீஷை எந்த மேலதிகாரியும் முழுசாகப் படித்ததில்லை என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் வியாதி விடவில்லை. இந்த நேரத்திலும் டிராஃப்ட் திருத்துகிற பைத்தியம் தில்லியில் தன்னைத் தவிர வேறு எவனாவது இருப்பானா என்று நினைத்தார். சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் சிரித்துக்கொண்டார்.

"அப்போ 'அட்டாக்'?" என்றாள் பட்டு.

அது இத்தாலியிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல் என்றும், 'அட்டாச்' என்பதோடு கூடப்பிறந்தது என்றும், பிணைப்பது, ஒட்டிக்கொள்வது என்பதெல்லாம் அதன் பூர்வீகம் என்றும் விளக்கினார். பட்டு குறுக்கே பேசவில்லை. பேசினால் இன்னும் நீளும் என்பது அவள் அனுபவம்.

"பொருந்தறதா, இல்லையா? அதைச் சொல்லுங்கோ."

"கச்சிதமாப் பொருந்தறது. அனுப்பு."

செய்தி போயிற்று.

"இனிமே யாராவது வருவா. அதுவரைக்கும் ஆடாம நில்லுங்கோ" என்றாள் பட்டு.

ராமமூர்த்தி கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தார். அரை மணியாக அவருடைய வலது காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தாட்டியான குரங்கு, பல்லெல்லாம் தெரிய நிதானமாகக் கொட்டாவி விட்டது.