மூன்றாம் வரிசை, ஏழாம் நாற்காலி

அந்த ஒரு வட்டத்துக்கு மட்டும் கோடு இல்லை.

சபாவின் முதல் ஆறு வரிசைகளை அவள் தாளில் பென்சிலால் வரைந்து வைத்திருந்தாள். நாற்காலிக்கு ஒரு வட்டம். இருவர் பேசிக்கொண்டால் இரண்டு வட்டங்களுக்கும் நடுவே ஒரு கோடு. டிசம்பர் கச்சேரிக்கு, அதுவும் டிக்கெட் இல்லாத மதியக் கச்சேரிக்கு, தினமும் வருகிறவர்கள் எப்படி ஒரு சமூகமாகச் சேர்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. ஆய்வில் பெயர் பேராசிரியருடையது. உட்கார்ந்து பார்க்கிற வேலை அவளுடையது.

பத்து நாள். கடைசி நாள் வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. பேசினால் அவளும் படத்துக்குள் வந்துவிடுவாள். கடைசி நாளில் விஷயத்தைச் சொல்லி, சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போடாதவரைப் படத்திலிருந்து அழித்துவிட வேண்டும்.

ஒன்பது நாளில் தாள் கோடுகளால் நிறைந்துபோனது. சும்மா சொல்லக் கூடாது, அப்படிப் பேசுகிறார்கள். ஆலாபனை தொடங்கிய பிறகும் முட்டிவலிக்கு எண்ணெய் சொல்கிறார்கள்.

மூன்றாம் வரிசை ஏழாம் நாற்காலிக்காரரிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அறுபது வயதிருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டை. ஒன்றரை மணிக்கு வருவார். தொடையில் தாளம் போடுவார். மங்களம் முடிந்ததும் போய்விடுவார்.

பக்கத்து நாற்காலிக் கோமளவல்லி மாமி தன் டப்பாவிலிருந்து பெப்பர்மிண்ட் எடுத்து, கதை பேசியபடி வரிசை முழுக்கக் கொடுப்பார். அவருக்கு மட்டும் பேசாமல் நாற்காலிக் கையில் வைப்பார். பிறகு திரும்பி, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுக்கும் அப்படியே ஒன்று வைப்பார்.

கொடுப்பது பேச்சில் சேராது. அவள் கோடு போடவில்லை.

அந்த மனிதரும் தினமும் ஒருமுறை திரும்புவார். பாட்டு மேலே போய், நின்று, நிதானமாக இறங்கும்போது அவளைப் பார்த்து மெல்லத் தலையசைப்பார். ரசிகர்கள் செய்வதுதான் என்று குறித்துக்கொண்டாள். வேறு யாரைப் பார்த்தும் அவர் தலையசைத்ததில்லை என்பதைக் குறிக்கத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் அனுப்பிய அறிக்கையில் அவரைப் பற்றி இரண்டு பக்கம். இத்தனை பேருக்கு நடுவே ஒரு மனிதரைத் தனியே விட்டிருக்கிறார்கள் என்று எழுதினாள். கொஞ்சம் கோபமாகவே எழுதினாள். தென்காசியிலிருந்து அவள் வந்து நான்கு மாதம் ஆகிறது. விடுதியில் ஒருவர்கூட அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் அவளைப் பற்றியதுதான்.

பேராசிரியர் போனில் கூப்பிட்டார்.

"இதுதாம்மா நம்ம ரிப்போர்ட். இவரை மட்டும் விட்டுடாதே. ஜனவரிக்கு அப்புறமும் உன்னை வேலையில வச்சுக்கணும்னு நான் எழுதுறேன்."

அன்றிரவு அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

பத்தாம் நாள். ஒன்றேகால் மணி. அவர் இன்னும் வரவில்லை.

படிவங்களோடு முன்னால் குனிந்தாள்.

"மாமி, ஒரு கையெழுத்து போடுறீங்களா?"

மாமியின் கையிலிருந்து டப்பா நழுவியது. பாதிப் பெப்பர்மிண்ட் நாற்காலிகளுக்கு அடியில் உருண்டோடியது. மூன்றாம் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கோபப்படுவார்கள் என்று அவள் எதிர்பார்த்ததுதான். பத்து நாள் வேவு பார்த்தவளை யார் கொஞ்சுவார்கள். அவசர அவசரமாக ஆய்வைப் பற்றிச் சொன்னாள். எல்லோரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். படிவத்தை யாரும் படிக்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலியாக இருந்த ஏழாம் நாற்காலியைக் காட்டினாள்.

"இவர்கிட்ட மட்டும் ஏன் யாருமே பேச மாட்டேங்கிறீங்க?"

மாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவருக்குத் தொண்டையில ஆபரேஷன். குரலே போயிடுத்தும்மா. எப்படிப் பாடுவார் தெரியுமா? நாம ஏதாவது கேட்டுட்டா, பதில் சொல்ல முடியலியேன்னு தவிச்சுப் போயிடறார். அதான் யாரும் அவர்கிட்ட பேசறதில்லன்னு வச்சுண்டிருக்கோம்."

அவள் தாளைப் பார்த்தாள். கோடில்லாத அந்த வட்டத்தைச் சுற்றித்தான் ஒரு வரிசையே உட்கார்ந்திருந்தது. எழுதிய இரண்டு பக்கமும் தப்பு. வெட்கமாக இருந்தது.

மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நோக்குப் பேச்சு வருமா, கொழந்தே? பத்து நாளா நீ வாயே தெறக்கல. உன்னையும் அப்படித்தான்னு நெனச்சுட்டோம்."

அவள் மறுகையால் கையெழுத்தான படிவங்களைப் பைக்குள் தள்ளினாள்.

"அவரும் அப்படித்தான் நெனச்சுண்டிருக்கார். என்னை மாதிரியே பின்னாடி ஒரு பொண்ணு வராள்னு எழுதிக் காமிச்சார். முன்னெல்லாம் பாதியிலேயே எழுந்து போயிடுவார். இப்பத்தான் மங்களம் வரைக்கும் இருக்கார்."

வாசல் திரை விலகியது. வெள்ளை அரைக்கைச் சட்டை.

அவர் வந்து உட்கார்ந்தார். தம்புரா ஒலிக்கத் தொடங்கியது. வரிசையில் அன்று முட்டிவலி இல்லை, எண்ணெய் இல்லை.

அவள் மடியில் ஒரே ஒரு படிவம் மீதி இருந்தது.

நீட்டினால் போதும். என்ன, ஏது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. அவர் படிப்பார். படித்துவிட்டுக் கையெழுத்தும் போடுவார், அப்படிப்பட்ட மனிதர்தான்.

பாடகி மேல் ஸ்வரத்துக்குப் போனாள். நின்றாள். நிதானமாக இறங்கினாள்.

அவர் திரும்பினார். தலையசைத்தார்.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையசைத்தாள்.

மாமி டப்பாவைத் திறந்து அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று நாற்காலிக் கையில் வைத்தார். மூன்றாம் வரிசையில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அவள் படிவத்தை நான்காக மடித்தாள். பைக்குள் கைவிட்டு ரப்பரைத் தேடி எடுத்தாள்.