மாமாவின் பிரவுசர்

"குரலை உசத்தாதே அக்கா, பக்கத்து ரூம்லதான் மாமா இருக்காரு" என்றபடி தம்பி தன் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் திறந்தான்.

எதிரே, ஆபீஸ் வேலையாகத் தன் லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், அவள் கணவர் யாருடனோ மீட்டிங்கில் பேசிச் சிரிப்பது கேட்டது.

"என்னடா பண்ணப்போற?"

"கொஞ்ச நாளா உன் முகமே சரியில்ல. போன் பண்ணினா 'ம்', 'ம்ஹூம்'. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கற. அவரு என்னடான்னா பாட்டு முணுமுணுக்கிறாரு, புதுச் சட்டையா போட்டு மினுக்குறாரு. நெருப்பில்லாம புகையாது!"

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? சட்டை போடுறது ஒரு குத்தமா?"

"குத்தம் எங்க இருக்குன்னு இப்பப் பார்த்துடலாம். வெப்சைட் டெஸ்ட் பண்றதுக்காக மாமா தன் பிரவுசரை இன்னொரு கம்ப்யூட்டர்லேருந்து இயக்குற மாதிரி திறந்து வச்சிருக்காரு. போன வருஷம் நான்தானே போட்டுக் குடுத்தேன்! அவர் லேப்டாப் பேரைப் போட்டு ஒரு வரி கமாண்ட் அடிச்சாப் போதும். என்னென்ன பக்கம் திறந்திருக்குன்னு அப்படியே ஒப்பிச்சுடும்."

"தப்புடா. அடுத்தவங்க பார்க்கிறதை நாம எட்டிப் பார்க்கிறது..."

அதற்குள் அடித்துவிட்டான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று இறங்கின.

தம்பியின் முகம் இறுகியது. "அக்கா... 'ஒருவர் தங்க ஒற்றை அறை வீடு, உடனே குடியேறலாம்.' ஒண்டியா எங்க குடிபோறாராம்?"

அக்காவின் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றன.

"'வெளியூர்க் கிளைக்கு மாற்றல் கேட்பது எப்படி?' அட, இதைக் கேளு... 'இருவர் சம்மதத்துடன் விவாகரத்து, எவ்வளவு காலம் ஆகும்?'"

"போதும், மூடு" என்றாள் அக்கா.

"உன்கிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசியிருக்காரா?"

"இல்ல."

"எப்படிப் பேசுவாரு? சிரிச்சுக்கிட்டே கழுத்தறுக்கிற கல்லுளிமங்கன்!"

"அவரைத் திட்டாதடா."

"இப்பவும் விட்டுக்கொடுக்க மாட்டியே!" அக்காவின் கண் கலங்குவதைப் பார்த்ததும் அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. "பார்க்கிறது மட்டுமில்ல, இங்க உட்கார்ந்தே அவர் பிரவுசர்ல நான் ஒரு பக்கத்தைத் திறக்கவும் முடியும். உங்க கல்யாண போட்டோவை அவர் மூஞ்சிக்கு நேரா திறக்கிறேன். ஆளு முழிக்கிற முழியைப் பாரு."

"வேண்டாம்டா! நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

கமாண்டை அடித்து என்டரைத் தட்டினான். பாய்ந்து போய்க் கதவை விரலளவு திறந்து எட்டிப் பார்த்தான்.

பளபளக்கும் புது லேப்டாப் ஒன்றின் முன் உட்கார்ந்து, அதே சிரிப்போடு பேசிக்கொண்டிருந்தார் மாமா.

குழம்பிப்போய்த் திரும்பிய தம்பிக்கு அக்காவின் திரை தெரிந்தது. அதை அடைத்துக்கொண்டு விரிந்திருந்தது கல்யாண போட்டோ.

"புதுசு வாங்கினதும் பழசை எனக்குக் குடுத்துட்டாருடா" என்றாள் அக்கா, திரும்பாமலே. "சத்தம் போடாதே. அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது."