ஒத்தைப் பித்தான் டப்பா

“ஒத்தைப் பித்தான் கேட்டு வர்றவங்களை மட்டும்...” என்று பித்தான் கடையின் பழைய முதலாளி ஏதோ சொல்வார். மிச்சம் தகர டப்பாவுக்கு மறந்துவிட்டது. கூட்டாளிகளைத் தொலைத்த பித்தான்களைச் சுமந்தே அதற்கு வயதாகிவிட்டது.

“முன்னெல்லாம் சட்டையைப் பிடிச்சுக்கிட்டே ஓடி வருவாங்க தம்பி, என்னைக் கவுத்துத் தேடுவாங்க” என்றது, சுவரில் புதிதாக வந்திருந்த இன்டர்நெட் பெட்டியிடம். “இப்போ எல்லாரும் எதிர்ல பெரிய கடைக்குப் போறாங்க. நாளைக்கு நான் காயலான் கடைக்குப் போறேன்.”

“அவசரப்படாதீங்க பெரியப்பா. ஊட்டியிலிருந்து ஒருத்தர் போட்டோ அனுப்பியிருக்காரு. பித்தான், பக்கத்துல அளவுக்கு ஒரு ரூபாய்க் காசு.”

“பெரிய கடையில கேக்க வேண்டியதுதானே?”

“அங்கேயும் ஆன்லைன்ல கேட்டாராம். டஜனாத்தான் தருவாங்களாம். இவருக்கு வேண்டியது ஒண்ணு. செத்துப்போன அப்பாவோட கோட்டுக்கு.”

கடைக்காரர் நல்லபெருமாள் போனில் படத்தைப் பார்த்தபடி டப்பாவைச் செய்தித்தாளில் கவிழ்த்தார். அடியிலிருந்து நாலு துளைப் பழுப்புப் பித்தான் ஒன்று உருண்டு வந்தது.

“என்னையா தேடுறாங்க?” என்றது அது.

“உன்னைத்தாண்டா!” என்றது டப்பா, கவிழ்ந்து கிடந்தபடியே.

மாலைக்குள் மூன்று ஊர்களிலிருந்து மூன்று படங்கள் வந்தன. நல்லபெருமாள் கடையின் இணையப் பக்கத்தில் ‘ஒத்தைப் பித்தானும் தருவோம்’ என்று எழுதினார். காயலான் கடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ‘...வெறுங்கையோட அனுப்பாதே’ என்று பழைய முதலாளி சொன்ன மிச்சம் டப்பாவுக்கு ஞாபகம் வந்தது.