பெட்டிக்கு அடித்த மருந்து

"என்னண்ணே, உள்ள பூரா நீலமா இருக்கு?"

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிய கார்த்திக்ராஜ், உள்ளே மூக்கை விட்டு மோந்து பார்த்தான். அல்லிநகரத்தில் பத்து வருடமாகக் கடை வைத்திருக்கிறான். எறும்பு குடியேறிய பெட்டி, பல்லி செத்துக் கிடந்த பெட்டியெல்லாம் பார்த்தவன். இது புதுசு.

"மயில்துத்தம்" என்றான் பீட்டர்ராஜ், பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிற குரலில். "திராட்சைக்கு அடிக்கிற மருந்து."

"அது எப்படிண்ணே இதுக்குள்ள வந்துச்சு?"

"நான்தான் அடிச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்து அது. மனைவி ஜெசி பூசைக்குப் போயிருந்தாள். பூசைக்கு மட்டம் போட்ட பீட்டர்ராஜுக்கு, 'பெட்டிக்குள்ள ஒரே தூசி' என்று அவள் எப்போதோ சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது. முதுகில் மாட்டி மருந்தடிக்கிற மெஷின் வெறுங்காற்றும் ஊதும். மருந்துக் குழாயை அடைத்துவிட்டு ஊதினால் தூசி பறந்துவிடும். யோசனையில் ஒரு குறையும் இல்லை. குழாயை அடைக்கிற பக்கம் திருப்புவதற்குப் பதிலாகத் திறக்கிற பக்கம் திருப்பிவிட்டான், அவ்வளவுதான். அவர்கள் ஊரான ராயப்பன்பட்டியிலேயே, திராட்சைக் கொடிக்கு வருகிற அடிச்சாம்பல் நோய் வராத ஒரே கம்ப்யூட்டர் இப்போது அவனுடையதுதான். ஓடாது என்பது ஒன்றுதான் குறை.

ஜெசி நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கோயிலிலிருந்து வந்தவள் பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள், சேலை மாற்றப் போய்விட்டாள். அதிலிருந்து கேட்டதற்கு மட்டும்தான் பதில். இப்போது கூடவே வந்து கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதும் அப்படித்தான்.

விஷயம் சின்னதில்லை. இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததுபோலப் படமாக்கித் தருவது அவள் வேலை. கம்பெனி கொச்சியில். அந்த வேலையின் பாரத்தை இழுக்கிற கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். இல்லையென்றால் கொச்சியில் விடுதியில் தங்கி ஆபீசுக்குத்தான் போக வேண்டும். புதன்கிழமைவரைக்கும் லீவு கொடுத்திருந்தார்கள். ஜெசி இல்லாத வீட்டில் தான் ஒருத்தன் மட்டும் சோறு வடித்துத் தின்பதை பீட்டர்ராஜ் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். பாதியிலேயே நிறுத்திவிட்டான்.

"இதை இனிப் பேரீச்சம்பழத்துக்குத்தான்ணே போடணும். புதுசா எத்தனை கோர் பாக்கணும்?"

"கோருன்னா?"

"ஆளுன்னு வச்சுக்கங்க. ஒரு தோட்டத்துக்கு ஒத்த ஆள் பழம் வெட்டுனா சாயந்தரம் ஆயிரும். பதினாறு ஆள் எறங்குனா பத்து மணிக் காப்பிக்கு முன்னாடி முடிஞ்சிரும். அக்கா பாக்குற வேலைக்கு எல்லா ஆளும் ஒண்ணா எறங்கி வெட்டும்."

"அப்ப ஆளைக் கூட்டு."

"புதுசுல பதினாறுன்னா லட்சத்தைத் தாண்டிரும்."

திராட்சைப் பந்தலுக்குக் கம்பி மாற்ற வைத்திருந்த பணம் அவ்வளவு தூரம் தாண்டாது. பீட்டர்ராஜ் முகத்தைப் பார்த்துவிட்டு கார்த்திக்ராஜ் குரலைத் தாழ்த்தினான்.

"பெரிய கம்பெனி சர்வர்ல கழட்டுன சாமான் இருக்கு. ரெண்டு பிராசசர், மொத்தம் இருபத்தெட்டு கோர். பாதி வெலைதான்."

"பாதி வெலைக்கு இருபத்தெட்டு ஆளா? என்னப்பா, எல்லாரும் ரிட்டயர் ஆனவகளா?"

"கிட்டத்தட்ட. தனித்தனியா பாத்தா மெதுவாத்தான் வெட்டுவாக. கூட்டமா எறங்குனா நல்லா வெட்டுவாக. என்ன, சத்தம் போடுவாக, கரண்டு நெறையாத் திம்பாக. ஆறு மாசம் நான் கேரண்டி."

"அதுக்கு மேல ஓடுமா?"

"அது வேலையைப் பொறுத்ததுண்ணே."

"கொச்சியில ஒத்துக்குவாகளா?"

"அது அவுகளைப் பொறுத்ததுண்ணே."

"ஏப்பா, இன்னைக்கு மழை வருமான்னு கேட்டா?"

கார்த்திக்ராஜ் வெளியே எட்டிப் பார்த்தான். "மேகத்தைப் பொறுத்ததுண்ணே."

இங்கே நேரான பதில் கிடைக்காது என்று தெரிந்து, பீட்டர்ராஜ் ஜெசியிடம் திரும்பினான்.

"பழைய சாமான் போதுமா, புள்ள?"

"போதும்."

"மெமரி?"

"அறுபத்து நாலு."

"கண்ணாடிப் பெட்டி, கலர் லைட்டு?"

"லைட்டா முக்கியம்? அந்தக் காசுக்கு நல்ல பவர் சப்ளையாப் போடச் சொல்லுங்க. யூபிஎஸ்ஸும் வேணும்."

இதுதான் அன்றைக்கு அவள் பேசியதிலேயே நீளமான பேச்சு. கார்த்திக்ராஜ் சாமான் எடுக்க உள்ளே போனான். பீட்டர்ராஜ் ஸ்டூலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"ஜெசி, கம்பி போனாப் போகுது, மெஷினை வாங்கிருவோம். ஆனா உனக்குக் கொச்சிக்குப் போகணும்னு இருந்தாச் சொல்லு. நல்ல வேலை. எனக்காக இருக்காத. நான் கஞ்சி காய்ச்சிக் குடிச்சுக்குவேன்."

"நீங்க காய்ச்சி?"

"வெளையாடாத. ரெண்டு நாளா மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குற. எம்மேல கோவமா, இல்லையா? அதுவாவது நேராச் சொல்லு."

ஜெசி உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவன் காதருகே குனிந்தாள்.

"கோவமெல்லாம் இல்ல. பேசுனா சிரிச்சிருவேன்னுதான் பேசல. வெள்ளிக்கிழமை கரண்டு போயிட்டு வந்தப்பவே அது கருகிப்போச்சு. நீங்க மருந்தடிச்சது செத்த மெஷினுக்கு."

பீட்டர்ராஜ் நீலம் பூத்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"அடிப்பாவி! அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, 'எனக்காக இருக்காத'ன்னு அன்னைக்கே என்னையக் கொச்சி பஸ்ஸுல ஏத்தி விட்டிருப்பீக."