லைன்ல இருக்கிறவன்

ஷேர் ஆட்டோ திருவொற்றியூர் தாண்டியும் ஜெயவேல் காதிலிருந்து ஃபோனை எடுக்கவில்லை.

"நான் வேலைக்குப் போனா உனக்கு இன்னாடா? வாய மூடு!"

பக்கத்து சீட்டுக்காரி கார்குழலிக்குப் பொறுக்கவில்லை. "யாருப்பா அது, காலங்காத்தால பேஜாரு பண்றான்?"

"கூடவே கீறவன்க்கா. நீ எதுக்கும் லாயக்கில்லன்னு சொல்லிக்கினே இருப்பான்."

"கட் பண்ணு நைனா!"

"பண்ணாலும் பேசுவான்க்கா."

சொல்லும்போதே காதிலிருந்த ஃபோனில் அலாரம் அலறியது; அவன் அதைக் கீழே இறக்கினான். கார்குழலி எட்டிப் பார்த்தாள்.

திரையில் மனநல டாக்டர் கொடுத்த ஆப்: 'மாத்திரை போட்டாச்சா, ஜெயவேல்? இல்லாத குரல் கேட்டால், ஃபோனில் பேசுவதுபோல் பதில் சொல்லுங்கள். யாரும் உங்களை முறைக்கமாட்டார்கள்.'

ஜெயவேல் தலைகுனிந்து மாத்திரையை விழுங்கினான்.

கார்குழலி ஃபோனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். "டேய், எவன்டா நீ? புள்ள வேலைக்குப் போவுது. வைடா ஃபோன!"

ஜெயவேல் மெல்லச் சிரித்தான். "'யார்றா அந்தம்மா'ன்னு பயந்துகினு கேக்குறான்க்கா!"