வாசல் தாண்டிய தண்டவாளம்

பார்வை மங்கிவிட்டதென்று அக்காவை டீசல் எஞ்சின் ஓட்டும் வேலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவள் அழவில்லை. தான் ஓட்டிய அதே எஞ்சினை, பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளால் கூடத்து மேசையில் கட்ட ஆரம்பித்தாள். கைப்பிடிக் கம்பி, புகைபோக்கி, ஓட்டுநர் இருக்கை எல்லாவற்றையும் தடவித் தடவியே பொருத்தினாள். மோட்டார் மட்டும் வைக்கவில்லை.

முடித்த மறுநாள் காலை, எஞ்சின் மேசை விளிம்பில் நின்றது. அதற்கடுத்த நாள் தரையில், வாசலைப் பார்த்தபடி நின்றது. ஒரு கட்டைகூடக் கழன்றிருக்கவில்லை.

அவள் கணவர், எங்கள் மாமா, எஞ்சினைத் தொடாமல் தள்ளி நின்றார். "பிரிச்சு டப்பாவுல போட்டுடு. தானா நகருற பொம்மை வீட்டுல வேண்டாம்."

"என்னை ஓரங்கட்டின மாதிரி இதையும் ஓரங்கட்டச் சொல்றீங்களா? முடியாது. போகணும்னா போகட்டும்."

மிச்சமிருந்த கட்டைகளைக் கொட்டி, எஞ்சினுக்கு முன்னால் தண்டவாளம் போட்டாள். வாசற்படியோடு கட்டைகள் தீர்ந்துவிட்டன. கதவைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது எஞ்சினைக் காணோம். தண்டவாளம் வாசலைத் தாண்டி, மாடிப்படிகளில் இறங்கி, தெருவுக்குப் போயிருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தாள். பிளாஸ்டிக் கட்டைகள்தான். இன்னும் சூடாக இருந்தன.

"எங்க கிளம்பிட்ட?" என்று கத்தினார் மாமா.

"வேலைக்கு" என்றாள் அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டே.