ஒன்றுக்கு இரண்டு

“ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணு வேணும்ல? அதான் ரெண்டாவது கம்ப்யூட்டர் வாங்க வந்திருக்கோம்.”

கணவன் இப்படிச் சொன்னதும் பக்கத்தில் நின்ற மனைவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பேசுவது தன் வீட்டுக்காரர்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

படகுத்துறையை ஒட்டிய சின்னக் கடை அது. ஸ்கூபா டைவிங் போகிறவர்களுக்கான சாமான்கள் சுவர் முழுக்கத் தொங்கின. கண்ணாடிப் பெட்டிக்குள் டைவ் கம்ப்யூட்டர்கள் பெரிய கைக்கடிகாரங்களைப் போல வரிசையாக இருந்தன. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், எவ்வளவு மெதுவாக மேலே வர வேண்டும் என்பதையெல்லாம் அவை தண்ணீருக்குள்ளேயே சொல்லிவிடும்.

“எப்போ இறங்கறீங்க?” என்று கேட்டார் கடைக்காரர்.

“மூணு மணிப் படகு. மூழ்கின கப்பலைப் பார்க்கப் போறோம். முப்பது மீட்டர் ஆழம். இதை விட்டா அடுத்த வருஷம்தான். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் போட்டோவோட வர்றேன்னு சொல்லிட்டேன்.”

“அந்த முப்பது மீட்டரை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு” என்றாள் மனைவி. “ரெண்டு வருஷமா தலைபாடா அடிச்சுக்கறேன் அண்ணா, எல்லாத்துலயும் ஒண்ணு கூடுதலா வச்சுக்குங்கன்னு. மீனெல்லாம் கம்ப்யூட்டர் கட்டிக்கிட்டா நீந்துதுன்னு கேட்ட மனுஷன் இவரு.”

“மனுஷன்னா திருந்தவே கூடாதா?”

“திருந்துங்க, யாரு வேணாங்கறா? காலை டைவ் முடிச்சு வந்த மனுஷன் சாப்பாட்டுல கைகூட வைக்காம, ‘வா, கடைக்குப் போலாம்’னு இழுத்துட்டு வந்தா எனக்குத் திக்குன்னு இருக்காதா?”

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு கம்ப்யூட்டரை எடுத்து வைத்தார். “இதைப் பாருங்க. நானே ரெண்டு தடவை கட்டிக்கிட்டு இறங்கியிருக்கேன். சொன்னபடி கேக்கும்.”

“யாரும் கட்டினது வேணாம். பெட்டி பிரிக்காதது குடுங்க.”

“சார் விவரமான ஆளு. அப்போ உங்க பழைய கம்ப்யூட்டர் எந்த மாடல்னு சொல்லுங்க, அதே கம்பெனியில எடுத்துத் தர்றேன். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும்.”

“பேசிக்கவே வேணாம்” என்றான் கணவன் அவசரமாக. “தனித்தனியா இருந்தாத்தான் பாதுகாப்பு.”

“எங்கம்மாவுக்கும் அவங்கம்மாவுக்கும் இதே சட்டம்தான் போட்டிருக்காரு” என்றாள் மனைவி.

கடைக்காரர் உள்ளே போய்ப் புதுப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். கணவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டே கால்.

மனைவிக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. “அண்ணா, சிலிண்டர்ல காத்து எவ்வளவு மிச்சம்னு காட்டற கேஜ்? அதுலயும் ஒண்ணு கூடுதலா மாட்டலாமா?”

“மாட்டலாமே தங்கச்சி. முள்ளு வச்சது தர்றேன். பேட்டரி வேணாம், சார்ஜ் வேணாம்.”

“இருக்கற கேஜ் நல்லாத்தானே இருக்கு?” என்றான் கணவன்.

“இருக்கற கம்ப்யூட்டரும் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு ரெண்டு, இதுக்கு மட்டும் ஒண்ணா?”

கணவன் வாயைத் திறந்தான். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். “சரி, அதையும் எடுத்து வைங்க.”

அதோடு ஆழம் காட்டும் முள் கேஜும் ஒன்று சேர்ந்தது. கூடவே ஒரு டார்ச்சும், அந்த டார்ச் அணைந்தால் எரிய ஒரு குட்டி டார்ச்சும். எதைக் கேட்டாலும் தலையாட்டினான். வீட்டுச் சாவிக்கு மாற்றுச் சாவி செய்வதற்கே நாலு மாதம் வாதாடியவன் அவன். மனைவிக்குக் கண் கலங்கியது.

“பாப்பா நடக்க ஆரம்பிச்சதும் அப்பாவுக்குப் பொறுப்பு வந்துருச்சு அண்ணா. இனிமே இவரு தண்ணிக்குள்ள இருக்கறப்ப நான் கரையில நிம்மதியா உக்காருவேன்.”

“ஆமாமா” என்றான் கணவன். “கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக் குடுங்க. படகு போயிடும்.”

“ஒரே நிமிஷம். பழசையும் குடுங்க சார். ரெண்டுலயும் ஒரே மாதிரி அளவு வச்சிடறேன். இல்லேன்னா கீழ போனதும் ஒண்ணு ‘மேல வாங்க’ன்னு சொல்லும், இன்னொண்ணு ‘இருங்க’ன்னு சொல்லும்.”

“அது படகுலயே இருக்கு.”

“எங்க படகுல? தோள்ல மாட்டியிருக்கற பையிலதானே போட்டீங்க?” என்று மனைவி அவன் பைக்குள் கையை விட்டு எடுத்து, பெருமையோடு நீட்டினாள்.

கடைக்காரர் அதை வாங்கி ஒரு பொத்தானை அழுத்தினார். திரை சிவப்பாக மின்னியது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அவர் முகத்தில் வியாபாரக் களை போய்விட்டது.

“காலையில ரொம்ப வேகமா மேல வந்திருக்கீங்க சார். ரத்தத்துல தங்கின வாயு இன்னும் வெளியேறல. மறுபடி இறங்கினா உயிருக்கே ஆபத்து, நாளைக்கு மதியம் வரைக்கும் தண்ணிப் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லிட்டு, இது தன்னைத்தானே பூட்டிக்கிட்டிருக்கு.”

மனைவி கையிலிருந்த கேஜ் பெட்டியைத் திரும்பக் கீழே வைத்தாள்.

“அது கிடக்கு” என்றபடி கணவன் புதுக் கம்ப்யூட்டரை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டான். “காலையில நடந்தது எதுவும் இதுக்குத் தெரியாதே.”